ஒருமையா, பன்மையா

கூ என்று சொல்கிறோம்.
எழுதும்போது வாலில் ஓர் எழுத்து தொங்கும்;
வாய் அதைத் தொடாது.
கூ என்றால் அடி.
வியர்சோன் காவல் நிலையத்தில், இரவுப் பணியில்
ஒன்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன் இந்தச் சொல்லை.

பிப்ரவரி, செவ்வாய், பதினொன்றே கால்.
செவ்ரீன் ஒக்லேர், வயது நாற்பத்தொன்று,
சூப்பர் மார்க்கெட்டில் மீன் பிரிவு.
கோட்டைக் கழற்றவில்லை.
ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டாள்,
பக்கத்து நாற்காலி நனைந்துவிடுமாம்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.
முதலில் இடி என்றாள்.
கண்டதும் காதலுக்கு எங்கள் மொழியில்
இடியின் கூ என்று பெயர்.
செர் ஆற்றங்கரை, யாரோ ஒருவர் கல்யாணம்.
வெயில் அடித்துத் தோள் உரிந்திருந்த லுதோவிக்
(அதுவும் ஒரு கூ, வெயிலுடையது)
ஒரு கூ குடிக்கலாமா என்று கேட்டான்.
ஒரு மிடறுக்கும் அதே சொல்தான்.
குடித்தார்கள்.

வீடு மாறிய அன்று கையின் கூ கொடுத்தான்.
உதவி என்று அர்த்தம்.
அலமாரியை மூன்றாம் மாடிக்குத் தனியாளாக ஏற்றினான்.
மதியம் ஒரு கம்பியின் கூ, நாலு மணிக்கு இன்னொன்று.
போன் அடித்தான் என்று அர்த்தம்.
பிறகு ஒரு நாளைக்கு ஏழு.
பிறகு பன்னிரண்டு.
எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யார் சிரிப்பது.

ஒரு காரியம் பாடுபடத் தகுந்தது என்றால்
கூ பெறும் என்போம்.
ஆறு வருடம் பெறும் என்றுதான் நினைத்தேன் என்றாள்.

அப்புறம், தலையின் கூ.

நான் திரையிலிருந்து நிமிர்ந்தேன்.
யோசிக்காமல் சட்டென்று ஒன்றைச் செய்வதும் அதுதான்,
நெற்றியால் முகத்தில் இடிப்பதும் அதுதான்.
எது என்று கேட்டேன்.
இரண்டும், என்றாள்.
நவம்பரில் அவனுடையது.
இன்று ராத்திரி என்னுடையது;
சாவியைக்கூட எடுக்காமல் இறங்கிவிட்டேன்.

பயிற்சிக்கு வந்த பையன் பஸ்தியான் காபி கொண்டுவந்தான்.
இந்தக் காலத்துப் பிள்ளைகள்
"ஆகையால்" என்பதற்கும் கூ போடுகிறார்கள்.
ஆகையால், காபி. ஆகையால், சர்க்கரை ஒன்றா இரண்டா.
ஒவ்வொரு தடவையும் துணுக்குற்றது
அவளல்ல, நான்.

இன்றைக்கு என்ன நடந்தது?
அந்தக் கூவின் மேல் எதுவும் தெரியவில்லை என்றாள்;
அந்தக் கணத்தில் என்று அர்த்தம்.
கூவுக்குப் பிறகுதான் வலித்தது;
படியிறங்கும்போது, விளக்கு அணைந்து அணைந்து எரிந்தபோது.

எத்தனை என்று நான் கேட்டாக வேண்டும்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது.
எங்கள் காதுக்கு இந்தச் சொல்லில்
ஒன்றும் நூறும் ஒரே ஓசை.
பன்மைக்கு இன்னோர் எழுத்து சேரும், அதுவும் ஊமை.
முன்னால் வரும் குட்டிச் சொல்தான் கணக்குச் சொல்லும்.
அவளுடைய வீங்கிய உதட்டில்
குட்டிச் சொல் நசுங்கிப்போயிற்று.
மறுபடி கேட்க எனக்கு வெட்கம்.
ஒருமையில் அடித்துவிட்டேன்.

அச்சிட்டுக் கொடுத்தேன்.
மீன் விலைச்சீட்டைச் சரிபார்ப்பவள் போல
ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தாள்.
மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.
என் பேனாவை வாங்கி
அந்தச் சொல்லின் முடிவில்
யாரும் உச்சரிக்காத அந்த எழுத்தை,
சின்னதாக, வளைத்து,
அவளே சேர்த்தாள்.
ஓரத்தில் நான் சுருக்கொப்பம் போட்டேன்.

தைரியமாக இரு என்பதற்கு
கூவைத் தாங்கு என்றுதான் எங்களுக்குச் சொல்லத் தெரியும்.
நாக்கு நுனிவரை வந்ததைக்
காபியோடு விழுங்கினேன்.
பூர்ஜில் இருக்கும் தங்கை நாதேஜுக்கு
நானே ஒரு கம்பியின் கூ கொடுத்தேன்.
இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள்,
இதற்காகவே விழித்திருந்தவள் போல.

அவர்கள் போன பிறகு
நாற்காலிக்குக் கீழே குடைத் தண்ணீர்.
பஸ்தியான் துணியைக் கொண்டுவந்து
ஒரே இழுப்பாகத் துடைத்தான்.
அதற்கும் அந்தச் சொல்தான்.
அவனும் சொல்லவில்லை.